கதம் பதல்

போன மாதம் எங்கள் பழைய பேண்டு குழுவின் வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. நண்பன் ஒருவன் பரணில் கிடந்த வி.எச்.எஸ். கேசட்டை ரிச்சி தெருவில் கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறான். 1996 பிப்ரவரியில் நடந்த எங்கள் கல்லூரி விளையாட்டு விழா. மொத்தம் 4 நிமிடம் 11 நொடி. நிறம் வெளிறி, ஓரமெல்லாம் கோடு கோடாக ஓடுகிறது. சத்தம் மட்டும் நன்றாகவே இருக்கிறது. முன்னால் எங்கள் பேண்டு, பின்னால் என்.சி.சி. அணி, மேடையில் சிறப்பு விருந்தினர். அணி மேடையைக் கடக்கும்போது டிரம் விழுகிற இடத்தில் எல்லோருக்கும் இடது கால் இறங்குகிறது. கடைசி வரிசையில் ஒருவனுக்கு மட்டும் வலது கால். அவ்வளவுதான், அன்று முழுக்க குழுவில் அதுதான் பேச்சு. "டேய், நம்ம கதம் பதல்!" என்று ஒருவன். "இன்னைக்கும் அவன் அப்படித்தான் நடக்கிறானாம்" என்று இன்னொருவன். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

அவன் அந்தக் குழுவில் இல்லை. பேண்டுக்காரன் இல்லை என்பதால் யாரும் சேர்க்கவில்லை. 'கதம் பதல்' என்பது அவனுக்கு அன்று மாலையே விழுந்த பெயர். கால் மாறி நடக்கிறவர்களைச் சரிசெய்ய என்.சி.சி.யில் கொடுக்கும் இந்திக் கட்டளை அது. காலை மாற்று என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்று அந்த மைதானத்தில் காலை மாற்றாத ஒரே ஆள் அவன்தான். மற்ற எல்லோரும் மாற்றினார்கள். மாற்ற வைத்தவன் நான். இருபத்தொன்பது வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

புலித்தோல்

பேண்டில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. 1994இல் கல்லூரியில் கால் வைத்த முதல் வாரமே சீனியர்கள் சொல்லிவிட்டார்கள்: பேண்டில் இருந்தால் ஓ.டி. கிடைக்கும், வகுப்பில் உட்காராமலே வருகைப் பதிவு விழும், பரேடு முடிந்தால் பூரியும் அவித்த முட்டையும். நான் இயற்பியல் மாணவன். மதியம் இரண்டு மணி லேப் வகுப்பைவிட வெயில் மேல் என்று தோன்றியது. சங்கீத ஆசை என்று பின்னாளில் பலரிடம் கதைவிட்டிருக்கிறேன்; உண்மை இதுதான்.

ட்ரம்பெட் வாசிக்க வேண்டும் என்றுதான் போனேன். ஒரு வாரம் ஊதினேன். உதடு வீங்கியதுதான் மிச்சம், வந்த சத்தம் எருமை செருமுவது போல இருந்தது. பேண்டு மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். முகூர்த்த நாள்களில் கல்யாண ஊர்வலத்திலும் கிளாரினெட் வாசிப்பார். அதை எங்களிடம் மறைத்ததில்லை, மறைக்க வேண்டியது என்று அவர் நினைக்கவும் இல்லை. எட்டாம் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ அகலமா இருக்க. பெருச தூக்கு" என்றார். அப்படித்தான் பேஸ் டிரம் என் தோளில் ஏறியது.

பேஸ் டிரம்மைத் தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அதை மாட்டிக்கொண்டவனுக்குத் தன் கால் தெரியாது. மார்பில் இருந்து தொடை வரைக்கும் ஒரு பெரிய மரவளையம். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைக் குனிந்துகூடப் பார்க்க முடியாது. முன்னால் போகிறவனின் பின்கழுத்து மட்டும் டிரம் விளிம்புக்கு மேலே தெரியும். ஏழெட்டு கிலோ பாரம், இரண்டு பட்டைகளில் தோளை அறுக்கும். சட்டை நசுங்காமல் இருக்க அதற்கு உள்ளே ஒரு புலித்தோல் துணி. அசல் புலி இல்லை, மஞ்சளில் கறுப்புக் கோடு அச்சிட்ட வெல்வெட். பட்டாள பேண்டுகளில் பெரிய டிரம்காரர் தோல் போர்த்தும் பழக்கம் உண்டு, அதன் ஏழை வாரிசு இது. "சிவபெருமானே, அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று பசங்கள் கேட்பார்கள்.

எங்கள் டிரம் கயிறு இழுத்துக் கட்டும் வகை, இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோல் தொய்ந்துவிடும். அடித்தால் 'தம்' என்று வராது, ஈரத் துணியைத் தட்டியது போல 'தொப்' என்று வரும். மாஸ்டர் பேண்டு ரூமுக்குப் பின்னால் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, டிரம்மை உருட்டி உருட்டிக் காட்டுவார். பறை அடிக்கிறவர்கள் காய்ச்சுவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன், இதுவும் அச்சு அசல் அதேதான். காய்ச்சி முடித்ததும் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டி, காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். சத்தம் பிடித்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், கயிற்றை முடிந்துவிட்டு பீடி பற்றவைப்பார்.

வீட்டில் இரண்டு விதமான எதிர்ப்பு. அம்மாவுக்கு, பையன் கல்யாண பேண்டுக்காரன் ஆகிவிடுவானோ என்ற பயம். அதைக் கீழ்வீட்டு பாட்டு டீச்சர் மாமிதான் தீர்த்துவைத்தார். "கோட்டையில வெள்ளைக்காரன் பேண்டு வாசிச்சதைக் கேட்டுதான் தீட்சிதரே நோட்டு ஸ்வரம் பண்ணினார், தெரியுமோ? எல்லாம் சங்கராபரணம்" என்று அம்மாவிடம் சொன்னார். மணலியில் இருந்த இளவயதில் முத்துசுவாமி தீட்சிதர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டார் என்பது பாட்டு படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. தீட்சிதர் பெயர் வந்ததும் அம்மா அடங்கிவிட்டார். என் கையில் இருப்பது ஸ்வரமே இல்லாத ஒரு வஸ்து என்பதை நான் விளக்கவில்லை.

அப்பாவின் கோபம் வேறு. அவர் 1965 மாணவர், இந்தி எதிர்ப்பில் தெருவுக்கு வந்தவர். 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் மொழித் தீர்மானம் நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகளை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் ஒன்றாக இருந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து அவருடைய பிள்ளை மொட்டைமாடியில் நின்று 'தேஜ் சல்', 'தம்', 'தாஹினே தேக்' என்று கத்திப் பழகினால் எப்படி இருக்கும்? "நாங்க அடி வாங்கினது இதுக்கா?" என்பார். ஆனால் பரேடு நாளில் என் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தந்தது அவர்தான்.

நூற்றிருபது

துரித நடைக்கு நிமிடத்துக்கு 120 காலடி. ஒரு காலடி 30 அங்குலம். அதாவது ஒரு நிமிடத்தில் 300 அடி தூரம். இந்தக் கணக்கு என் உடம்புக்குள் எப்படி ஏறியது என்று தெரியவில்லை, இறங்கவே இல்லை. மனை பார்க்கப் போனால் டேப் எடுக்கும் முன் நடந்து நீளம் சொல்லிவிடுவேன். பெசன்ட் நகர் கடற்கரையில் மனைவியோடு நடக்கும்போது, "நீங்க என்கூட நடக்கல, வேற யார்கூடவோ நடக்கறீங்க" என்பாள். அது உண்மை. என் வலது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே வரும், ஒவ்வொரு இடது காலுக்கும் ஒரு தட்டு.

ஏனென்றால் அதுதான் என் வேலை. இடது கால் தரையில் படும்போது வலது கை டிரம்மில் விழ வேண்டும். ட்ரம்பெட்காரன் ஒரு ஸ்வரத்தை விட்டால் பக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்வான். சைடு டிரம் ஆறு பேர். ஒருவன் தடுமாறினால் ஐந்து பேர் மூடிவிடுவார்கள். பேஸ் டிரம் ஒன்றே ஒன்று. பின்னால் வரும் 60 பேரும் தங்கள் காலை என் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மூன்று வருஷமும் நான் வாசித்தது ஒரே சத்தம். வீட்டுக்கு வந்த உறவினர்கள் "ஏதாவது வாசிச்சுக் காட்டேன்" என்று கேட்டால் என்னிடம் காட்ட எதுவும் இருந்ததில்லை.

கால் தெரியாதவனுக்கு இடது காலை எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது, கையும் காலும் ஒரே கயிற்றில் கட்டியது போல ஆகிவிடும். முதல் ஆறு மாதம் மாஸ்டர் அதைத்தான் கட்டினார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, டிரம் இல்லாமல், வெறும் கையைத் தொடையில் தட்டியபடி. கடைசியில் காலை நிறுத்தினால் கை தானாக நிற்கும், கையை நிறுத்தினால் கால் தடுக்கும் என்ற நிலைக்கு வந்தேன். அதைப் பெரிய தேர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்ணை மூடிய குழி

விழா அன்று மூன்றரை மணி வெயில். பேண்டில் 22 பேர், எனக்குப் பின்னால் என்.சி.சி. அணி மூன்று மூன்றாக இருபது வரிசை. பெல்ட் பித்தளை எல்லாம் பிராசோ போட்டுத் தேய்த்தது, கண்ணைக் கூசியது. ஓடுதளத்தின் இரண்டாவது வளைவில், குண்டு எறிதலுக்காகப் போன வாரம் தோண்டி, மறுபடி மண் போட்டு மூடிய ஓர் இடம் இருந்தது. ஒத்திகையில் நாங்கள் அதன் உள்பக்கமாகப் போயிருந்தோம். அன்று சுண்ணாம்புக் கோட்டை அரை கெஜம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். என் வலது கால் அந்த மண்ணில் புதைந்தது.

விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எல்லோரும் பார்த்திருப்பார்கள். சமாளித்துக்கொள்ள இரண்டு குட்டி அடி வேகமாக வைத்தேன். ஒரு கணம்தான். காலின் கணக்கு ஒன்று கூடிவிட்டது. கட்டிய கயிறு கையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. டிரம் ஒரு தடவை சீக்கிரம் விழுந்தது, அப்புறம் அந்தப் புது இடத்திலேயே நின்றுகொண்டது. எனக்கு இடது, ஊருக்கு வலது.

அடுத்து நடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு ஒரு மாதிரி ஆகிறது. நான் திருத்தியிருக்கலாம். ஒரு அடி நிறுத்தி அடித்தால் போதும். திருத்துவதற்குள் சைடு டிரம்கள் என்னோடு வந்துவிட்டன. அவர்களைத் தொடர்ந்து ட்ரம்பெட். பின்னால் சரளைமண்ணில் பூட்ஸ் சத்தம் ஒரு தடவை கலைந்தது, சோளப்பொரி வெடிப்பது போல படபடவென்று. வரிசை வரிசையாக எல்லோரும் 'கதம் பதல்' போட்டுக் காலை மாற்றிக்கொள்கிற சத்தம் அது. கட்டளை யாரும் கொடுக்கவில்லை. பத்து நொடியில் எல்லாம் அடங்கி ஒரே சத்தமாகிவிட்டது. சரியாக நடந்துகொண்டிருந்த ஐம்பத்தொன்பது பேர் டிரம் சொல்கிறதே என்று, தப்பு தங்களுடையதுதான் என்று நம்பி மாற்றிக்கொண்டார்கள். பயம் போய் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பாடா, இப்போது யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி.

மேடையில் இருந்து பார்த்தவர்களுக்குக் கடைசி வரிசைக்காரன் ஒருவன் மட்டும் கோணலாகத் தெரிந்தான்.

விழா முடிந்ததும் டிரில் சொல்லித் தரும் உஸ்தாத் அவனைத் தனியாக நிறுத்தினார். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு, பூட்ஸோடு. அந்த வருஷ கேம்ப் பட்டியலில் அவன் பெயர் அடிக்கப்பட்டது; கேம்ப் போகாமல் பி சர்டிபிகேட் பரீட்சை எழுத முடியாது. நான் பேண்டு ரூம் வாசலில் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டே அவன் ஓடுவதைப் பார்த்தேன். ஐந்தாவது ரவுண்டில் எங்களைக் கடக்கும்போது சிம்பல் வாசிக்கிறவன் என்னைப் பார்த்தான். அவன் எனக்கு வலப்பக்கம் நடந்தவன், அவனுக்கு எல்லாம் தெரியும். நான் தட்டைப் பார்த்தேன். அவன் முட்டையை உரித்தான். நாங்கள் இருவரும் இதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. போன வருஷம் அவன் மகள் கல்யாணத்தில்கூட.

மாஸ்டருக்கும் தெரியும். அவர் காதுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை பயிற்சியில் என்னை மட்டும் நடக்க விடவில்லை. மைதானத்து நடுவே நிற்க வைத்து, மற்றவர்களைச் சுற்றி நடக்கச் சொல்லி, என்னை அடிக்கச் சொன்னார். ஒரு வாரம் அப்படியே. முதல் இரண்டு நாள் எனக்கு அடிக்கவே வரவில்லை. கால் நின்றதால் கை தள்ளாடியது. "ஒங்கால கேட்டு அடிக்காத தம்பி. பின்னாடி வர்றாங்க பாரு, அவங்க கால கேட்டு அடி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில்தான் முதல்முறையாகப் பூட்ஸ் சத்தத்துக்குள் தனித்தனி ஆள்கள் இருப்பது கேட்டது. ஒருவன் குதிகாலை இழுப்பான், ஒருவனுடைய லாடம் கழன்று கிணுங்கும்.

கணக்கு

மனசாட்சிக்கு என்ன பதில் சொல்வது? நான் இயற்பியல் மாணவன் அல்லவா, ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நடை நிமிடத்துக்கு 120 என்றால் அடிக்கு அரை நொடி. டிரம்மில் இருந்து 170 மீட்டர் தள்ளி நடக்கிறவனுக்குச் சத்தம் சரியாக ஓர் அடி தாமதமாகப் போய்ச் சேரும். அவன் காது சொல்வதை நம்பி நடந்தால் இடது காலுக்குப் பதில் வலது கால் வரும். நீண்ட அணிவகுப்புகளில் வால் பகுதி ஆடுவது இதனால்தான். காமராஜர் சாலையில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்கிறவர்கள் கவனித்தால் தெரியும், ஒரு பேண்டு கடந்து தூரம் போய் அடுத்த பேண்டு இன்னும் வராத இடைவெளியில் பள்ளிப் பிள்ளைகளின் கால்கள் ஒருமாதிரி குழம்பும். ஆகவே, கடைசி வரிசைக்காரன் மாறி நடந்ததற்கு ஒலியின் வேகம்தான் காரணம், நான் இல்லை.

இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் போட்டும் பார்த்தேன். இருபது வரிசை, வரிசைக்கு ஒன்றரை மீட்டர், எனக்கும் முதல் வரிசைக்கும் இடையில் பத்து மீட்டர். மொத்தம் 40 மீட்டர். 40ஐ 340ஆல் வகுத்தால் 0.12 நொடி. ஓர் அடியில் கால்வாசிகூட வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

படிப்பு முடிந்தது. மெட்ராஸில் சேர்ந்தவன் சென்னையில் வெளியே வந்தேன், 1996இல் பெயர் மாறியிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டு வேலை, இன்றுவரை அதே துறை. பேண்டு எனக்கு ஒழுங்கைக் கற்றுத் தந்தது என்று எங்கள் குழுவில் எல்லோரும் எழுதுகிறார்கள்; நேரத்துக்கு எழுந்திருப்பது, ஷூ பாலிஷ் போடுவது, நிமிர்ந்து நிற்பது. எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இன்றும் நான் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறேன். எனக்கு வந்தது ஒரு சந்தேகப் புத்தி. எல்லோரும் ஒரே மாதிரி வந்து ஒருவன் மட்டும் வேறு மாதிரி வந்தால், கை தானாக டிரம்மைத் தேடுகிறது.

ஒரு தடவை இப்படி நடந்தது. புஷ் என்கிற சின்னக் குழாய்த் துண்டின் துளையைச் சோதிக்கும் வேலை. பிளக் கேஜ் என்று ஓர் உருளை இருக்கும். 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ கோ' முனை போகக் கூடாது. மூன்று ஷிஃப்டிலும் எல்லாப் பெட்டியும் பாஸ் ஆகிறது. புதிதாக வந்த டிரெய்னி ஒருத்தி மட்டும் பெட்டிக்குப் பத்துப் பதினைந்தைத் தள்ளிவைக்கிறாள், 'கோ' உள்ளே போகவில்லை என்கிறாள். அவளுக்குக் கை பழகவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். அவளே பாதி நம்பிவிட்டாள், கண் கலங்கி நிற்கிறாள். நான் துண்டுகளைப் பார்க்கவில்லை, கேஜ்களைக் கொண்டுவரச் சொன்னேன். மற்றவர்கள் வைத்திருந்தது இரண்டு வருஷம் தேய்ந்த கேஜ். 'கோ' முனை தேயத் தேய மெலியும், மெலிந்தால் சின்னத் துளைக்குள்ளும் போகும். அவளுக்கு ஸ்டோரில் இருந்து புதுசு கொடுத்திருந்தார்கள். அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது, அது வேறு கதை. மேலதிகாரி எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அனுபவம் சார் என்றேன். அங்கும் சொல்லவில்லை.

போன மாதம் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. நடு ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து. 2 நிமிடம் 19ஆவது நொடியில் இருக்கிறது. டிரம்மின் மேல் விளிம்பு ஒரு விரல்கடை கீழே இறங்கி ஏறுகிறது. சத்தம் ஒன்று முந்தி விழுகிறது. அப்புறம் அந்தச் சோளப்பொரி. யாரோ குழுவில் "பேஸ் டிரம் செம ஸ்டெடி மச்சி" என்று எனக்குக் கட்டைவிரல் போட்டிருந்தான்.

அயனாவரம்

அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அயனாவரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை மத்தியானம் போனேன். கடை என்றால் ஆறடி அகலம். வாசலெல்லாம் கழற்றிப்போட்ட தண்ணி மோட்டார்கள், வார்னிஷ் வாசனை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பியை அச்சில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினான். உதடு அசைந்தது. "...எழுவத்தெட்டு, எழுவத்தொம்போது, எம்பது." நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "சொல்லுங்க சார்."

பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "டேய், சிவபெருமான்!"

டீ வந்தது. வீட்டுக் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் ஓடியது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். 2:19இல் நிறுத்தி, இங்கே என் கால் புதைந்தது, டிரம் மாறினது என்னால்தான், நீ சரியாகத்தான் நடந்தாய் என்றேன். மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம், வெளியே வந்தபோது ஏதோ சர்வீஸ் ரிப்போர்ட் வாசித்தது போல இருந்தது.

"தெரியுமே" என்றான்.

"தெரியுமா?"

"டிரம்மு தப்புனது கேக்காதா? நல்லா கேட்டுச்சு. நீ திரும்ப சரி பண்ணிடுவேன்னு நெனச்சேன். மேடை வர்ற வரைக்கும் பாத்தேன்."

"மத்தவங்க மாதிரி நீயும் மாத்திருக்கலாம்ல?"

"நான் மாத்தி, நீ மறுபடி மாத்துனேன்னு வெய்யி. ரெண்டு வாட்டி மாத்தணும்."

"அப்புறம் ஏன்டா உஸ்தாத்கிட்ட சொல்லல?"

"எப்படி சொல்றது? இந்தில சொல்லணுமே" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. கேம்ப் கைவிட்டுப் போனதைப் பற்றி, சர்டிபிகேட் பற்றி நான் இழுத்தபோது கையை வீசினான். "அது கெடக்குது வுடு. அன்னிக்கு எஞ்சைக்கிள் போச்சு தெரியுமா?"

தெரியாது. பத்து ரவுண்டு ஓடி முடித்து, முகம் கழுவி, வெளியே வரும்போது இருட்டிவிட்டதாம். மைதானத்துச் சுவரோரம், வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த சைக்கிள் இல்லை. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததற்குத் தாய்மாமன் வாங்கித் தந்த பச்சை ஹெர்குலஸ். மிச்சமிருந்த ஒரு வருஷமும் 29சி படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் கல்லூரிக்கு வந்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் மாறியது. கால் மாறியது, பட்டப்பெயர், பத்து ரவுண்டு எதுவும் அவனுக்குள் தங்கவில்லை போல, சைக்கிள் தங்கியிருக்கிறது. நான் ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் ஒரு அம்மா மிக்ஸியோடு வந்து நின்றார்.

மிக்ஸியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அந்த வீடியோவுல வேப்பமரம் தெரியுதாடா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஓட்டினேன். இத்தனை ராத்திரி பார்த்தும் நான் கால்களைத் தவிர எதையும் பார்த்திருக்கவில்லை. 3 நிமிடம் 2ஆவது நொடியில் கேமராக்காரர் அணியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறார். கூட்டம், பந்தல், சுவர். வேப்பமரம் பாதி தெரிகிறது. அதன் பின்னால் வரிசையாகச் சாய்த்து வைத்த சைக்கிள்கள், வெளிறிப்போன படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "லெஃப்ட்லேர்ந்து மூணாவது."